சம்பளமா, காணியா, முகவரியா? இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்கள் குறித்த விவாத இழை

வாசகர் கேள்வி, 2025 ஒக்டோபர் 11

"நாளுக்கு 1,700 ரூபாய் முழுதாகக் கைக்கு வந்துவிட்டால் தோட்டத் தொழிலாளியின் பிரச்சினையில் முக்கால்வாசி அன்றைக்கே தீர்ந்துவிடும். காணி, முகவரி, பிரதேச சபை என்று தொண்டு நிறுவனக்காரர்கள் பேசுவது கம்பனிக்காரனுக்குத்தான் வசதி, ஏனென்றால் பேச்சு சம்பளத்தை விட்டு வேறு பக்கம் போய்விடுகிறது. இல்லை என்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்."

ஒக்டோபர் 11, இரவு

இல்லை என்கிற பக்கத்தில் நிற்கிறேன். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயக் காம்பராவில் (தொழிலாளர் வரிசை வீட்டின் ஓர் அறையில்) வளர்ந்து, இப்போது ஹட்டனில் சிறிய அமைப்பொன்றில் வேலை செய்வதால், கேள்வி கேட்டவர் சொல்லும் தொண்டு நிறுவனக்காரர்களில் என்னையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சம்பளத்திலிருந்தே தொடங்குவோம். 1,000 ரூபாய் என்ற கோரிக்கை 2015இல் தொழிற்சங்கங்களும் கம்பனிகளும் செய்யும் கூட்டு ஒப்பந்தத்துக்கான பேச்சின்போது உரக்க எழுந்தது. 2016இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் எல்லாக் கொடுப்பனவுகளையும் கூட்டித்தான் 730 வந்தது. அடிப்படைச் சம்பளம் 500. 2019இல் அடிப்படை 700 ஆயிற்று. கேட்ட ஆயிரம் வந்தது 2021 மார்ச்சில், அதுவும் ஒப்பந்தத்தின் வழியாக அல்ல, குறைந்தபட்சச் சம்பளத்தை நிர்ணயிக்கும் சம்பளச் சபையின் தீர்மானம் அரச வர்த்தமானியில் வெளியானதன் வழியாக. அடுத்த ஆண்டே நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்து, 200 ரூபாயாக இருந்த டொலர் 360ஐத் தாண்டிப் போனது. ஆறு வருடம் கேட்டு வாங்கிய ஆயிரத்தைக் கோதுமை மாவு ஒரே வருடத்தில் தின்றுவிட்டது. பிறகு 2024 மே தினத்தன்று கொட்டகலையில் 1,700 என்று அறிவிக்கப்பட்டது, கம்பனிகள் நீதிமன்றம் சென்றன, செப்டெம்பரில் அடிப்படை 1,350 என்பதில் வந்து நின்றது.

இந்த வரலாற்றில் ஒவ்வொரு முறையும் பேசப்பட்டது ஒரு நாளின் விலை மட்டுமே. மாதத்தில் எத்தனை நாள் வேலை கொடுப்பது, ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கொழுந்து கேட்பது, எதை முழு நாளாகக் கணக்கில் எடுப்பது என்ற மூன்றும் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருக்கின்றன. பதினெட்டு நாள் பேர் விழுந்த மாதத்தை எடுத்துக்கொண்டால், 1,350 வீதம் 24,300 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 என்று 1,944 உடனே போகிறது. அதன் பிறகு சங்கச் சந்தா, கோயில் வரி, மரண சகாயச் சங்கம், தேயிலைத்தூள், தீபாவளி முற்பணத்தின் தவணை என்று சம்பளச் சிட்டை கீழே கீழே நீளும். என் அம்மா சிட்டையை வாங்கியதும் அடிவரியை மட்டும்தான் பார்ப்பார். மேலே உள்ளதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்பார்.

ஒக்டோபர் 12

"பேர் விழுவது" என்றால் என்ன என்று சென்னையிலிருந்து எழுதும் நண்பர் கேட்டிருக்கிறார். செக்ரோலில் (தோட்டத்தின் வரவுப் பதிவேட்டில்) உங்களுக்கு அன்றைக்கு ஒரு முழு நாள் பதியப்பட்டால் ஒரு பேர். பல தோட்டங்களில் 18 கிலோ என்று இருந்த அளவு 20, 22 என்று ஏறியிருக்கிறது. அதை எட்டாத நாளுக்கு அரைப்பேர் போட்டுவிடுகிறார்கள். நாட்சம்பளம் கூடும்போது கிலோவும் கூடுகிறது என்பது மலையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு, ஈரத்துக்கு என்று இரண்டு மூன்று கிலோவைக் கழிவாக வெட்டுவது இன்னும் நடக்கிறது. வெயில் காய்ந்த நாளிலும் ஈரத்துக்கு வெட்டுகிறார்கள்.

ஒக்டோபர் 16

முகவரிக்கு வருகிறேன். இது சின்ன விஷயம் என்று கேள்வி கேட்டவர் மறுபடியும் எழுதியிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

லயக் காம்பராவில் வசிக்கும் ஒருவருக்கு வீட்டு இலக்கமும் வீதிப் பெயரும் கொண்ட முகவரி கிடையாது. பெயர், பிரிவு, தோட்டம், அதன் பிறகு தபாலகத்தின் பெயர் என்று எழுதுகிறார்கள். மேற்பிரிவில் ராமசாமிகள் நான்கு பேர் இருந்தால் நான்கு பேரும் ஒரே முகவரியில்தான் இருக்கிறார்கள். தபால்காரர் லயத்துக்கு வருவதில்லை. தோட்டத்தின் தபால் பை தபாலகத்திலிருந்து தோட்ட ஆபீசுக்குப் போகிறது. அங்கே யாராவது பிரித்து, யாருக்காவது நேரமிருக்கும்போது, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்திலோ கொழுந்து நிறுக்கும் மடுவத்திலோ கூப்பிட்டுக் கொடுப்பார்கள், அல்லது அந்தப் பக்கம் போகிற பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்புவார்கள். வங்கிக் கடிதம், நீதிமன்ற அழைப்பாணை, அடகுக் கடைக்காரரின் அறிவித்தல், வைத்தியசாலையின் கிளினிக் திகதி எல்லாம் இந்த ஒரே மேசையைக் கடந்துதான் ஒருவரிடம் வந்து சேர வேண்டும்.

எங்கள் அமைப்புக்கு வரும் பெண்பிள்ளையொருத்தி உயர்தரத்தில் நல்ல பெறுபேறு பெற்றுத் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகத் தேர்வுக்கான கடிதம் தேர்வு முடிந்து நான்காம் நாள் அவள் கைக்கு வந்தது. கடித உறையில் தபாலகத்தின் முத்திரை தெளிவாக இருந்தது. அந்தத் திகதிக்கும் அவளுக்குக் கிடைத்த திகதிக்கும் இடையில் பதினொரு நாட்கள் ஆபீஸ் அலுமாரியில் கழிந்திருக்கின்றன. யாரும் அதை வேண்டுமென்று மறைக்கவில்லை, பெரிய கிளார்க் லீவில் இருந்தாராம். அவளுடைய அப்பா ஆபீசுக்குப் போய்ச் சண்டை போட விரும்பவில்லை, ஏனென்றால் அடுத்த மாதம் மின்சார இணைப்புக்கு அதே ஆபீசிலிருந்துதான் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். இந்நாட்டில் ஏனைய குடிமக்களுக்கும் அரசுக்கும் இடையில் ஒரு கிராம உத்தியோகத்தர் இருக்கிறார். தோட்டத்தில் இருப்பவனுக்கும் அரசுக்கும் இடையில் அவனுடைய முதலாளி இருக்கிறார். சம்பளம் 1,700 ஆனாலும் 3,000 ஆனாலும் அந்த மேசை அதே இடத்தில்தான் இருக்கும்.

ஒக்டோபர் 17

மேலே எழுதியதற்கு ஒரு பின்னிணைப்பு, சிரிப்பதற்காக. தோட்டப் பாதை ஒன்றுக்கு ஒதுக்கப்பட்ட பணம் என்னவாயிற்று என்று 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எங்கள் இளைஞர் குழு ஒரு அரச அலுவலகத்துக்கு விண்ணப்பித்தது. பதில் வந்தது. முழுக்கச் சிங்களத்தில், தோட்ட அத்தியட்சகரின் மேற்பார்வை என்று குறிப்பிட்டு, அவருடைய ஆபீசுக்கே வந்தது. விண்ணப்பித்த பையனைத் துரை கூப்பிட்டு, "உனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது, பாதையைப் பற்றி என்னிடமே கேட்டிருக்கலாமே" என்றாராம். அவர் நல்ல மனிதர்தான். உண்மையிலேயே வருத்தப்பட்டுச் சொன்னார்.

ஒக்டோபர் 24

தீபாவளி முடிந்து வந்து பார்த்தால் இழை நீண்டிருக்கிறது. "முதலாளி நடுவில் இருப்பது பழைய பழக்கம், சட்டத்தில் அப்படியொன்றும் இல்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சட்டத்தில் இருந்தது.

1937ஆம் ஆண்டின் கிராமச் சமூகங்கள் கட்டளைச் சட்டம், தோட்டத்தில் வசித்த இந்தியத் தொழிலாளரைக் கிராமச் சபைத் தேர்தலில் வாக்களிக்கவிடாமல் வெளியே வைத்தது. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. மறுவருடமே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்து, அந்த வாக்காளர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கிட்டது. மிச்சமிருந்த ஒன்றரை இலட்சத்தை 1974இல் இரண்டு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இந்தக் கணக்கு முழுமையாக முடிவுக்கு வந்தது 2003இல், இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டத்தோடு. நான் பாடசாலைக்குப் போன காலத்தில்கூட எங்கள் லயத்தில் கடைசிக் காம்பராவில் இருந்த கிழவருக்கு எந்த நாட்டுப் பத்திரமும் இல்லை.

குடியுரிமை வந்த பிறகும் வேலி நின்றது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆம் பிரிவு காரணமாக, தோட்டங்களுக்குள் சபையின் பணத்தைச் செலவிட முடியாது என்றே நடைமுறையில் பொருள்கொள்ளப்பட்டது. தோட்டத்து மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உறுப்பினர், அந்த மக்களின் பாதைக்கு ஒரு லோட் கல் இறக்க முடியாமல் கைகட்டி நின்றார். இது திருத்தப்பட்டது 2018இல். திருத்தத்துக்காக வருடக்கணக்கில் மனு எழுதியவர்களில் தொண்டு நிறுவனக்காரர்களும் உண்டு, தொழிற்சங்கக்காரர்களும் உண்டு.

சபையால் இப்போது செலவிட முடியும். செலவிடுகிறதா என்பது வேறு கேள்வி, அதற்குப் போகவில்லை.

ஒக்டோபர் 25

தொண்டு நிறுவனங்களைக் கண்ணை மூடி ஆதரிக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் வேலை செய்யும் பகுதியில் ஒரு பிரிவுக்கு வெளிநாட்டு நிதியில் குடிநீர்த் திட்டம் வந்தது. மேலே ஊற்று, அதற்குக் கீழே சீமெந்துத் தொட்டி, லயங்களின் முன்னால் குழாய்கள். திறப்பு விழாவில் மாலை, மங்கள விளக்கு, நிதி கொடுத்தவர்களின் சின்னம் பொறித்த பலகை எல்லாம் இருந்தன. ஊற்று இருந்த இடம் கம்பனியின் குத்தகைக் காணி. அப்போதிருந்த துரை வாயால் சரி என்றார், எழுத்தில் யாரும் வாங்கவில்லை. துரை மாறினார், புதியவர் அதே ஊற்றிலிருந்து தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணைக்குத் தண்ணீர் திருப்பினார். இன்றைக்கு அங்கே குழாயைத் திறந்தால் காற்று வருகிறது. பலகை மட்டும் பெயின்ட் மங்காமல் இருக்கிறது.

உரிமையைப் பேசாமல் அபிவிருத்தியை மட்டும் செய்தால் இப்படித்தான் ஆகும் என்பது என் கருத்து. எந்தத் திட்டமாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்த நிலம் யாருடைய பெயரில் இருக்கிறது என்பது. அதைக் கேட்டால் திட்டம் தாமதமாகும், நிதியாண்டு முடிந்துவிடும் என்பதால் பலரும் கேட்பதில்லை.

நவம்பர் 8

நேற்றைய வரவு செலவுத் திட்ட உரையில் 2026 ஜனவரியிலிருந்து அடிப்படைச் சம்பளத்தை 1,550 ஆக்குவதாகவும், அதற்கு மேல் வரவுக்கான ஊக்கத்தொகையாக 200 ரூபாயை அரசே தருவதாகவும் அறிவித்திருக்கிறார்கள். சேர்த்தால் 1,750. கேள்வி கேட்டவர், "பார்த்தீர்களா, கேட்டதற்கு மேலேயே வந்துவிட்டது" என்று இழையில் பட்டாசு கொளுத்தியிருக்கிறார். கொளுத்தட்டும். எனக்கும் மகிழ்ச்சிதான்; அம்மா ஓய்வு பெற்றுவிட்டாலும் அக்கா இன்னும் மலையில்தான் நிற்கிறார்.

இந்த அறிவிப்பு என்னை வேறொரு பக்கம் யோசிக்க வைத்தது. தனியார் கம்பனியின் தொழிலாளிக்கு, கம்பனி கொடுக்க முடியாது என்று சொன்ன 200 ரூபாயைத் திறைசேரியிலிருந்து கொடுக்க அரசு முன்வருகிறது. 2021இல் ஒப்பந்தம் முறிந்தபோது வர்த்தமானியைக் கையில் எடுத்ததும் அரசுதான். அப்படியானால் தோட்டத்துக்குள் தலையிட அரசுக்கு அதிகாரம் இல்லை என்ற பேச்சு பொருந்தாது. சம்பளத்தில் தலையிடுவதைவிடக் காணியில் தலையிடுவது அரசுக்கு எளிது என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் காணி அரசுடையது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தின் கீழ் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது. 1992இல் நிர்வாகத்தைத் தனியாரிடம் ஒப்படைத்தபோதும் நிலத்தை விற்கவில்லை, 53 வருடக் குத்தகைக்குத்தான் கொடுத்தது. லயம் நிற்கும் நிலத்துக்கும் முன்னால் இருக்கும் மரக்கறிப் பாத்திக்கும் சொந்தக்காரர் இன்றைக்கும் அரசுதான். 2045இல் குத்தகை முடியும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. வீடமைப்புக்காகக் காணியைக் குத்தகையிலிருந்து விடுவித்த முன்னுதாரணங்கள் இருக்கின்றன.

ஆகவே ஒக்டோபர் 16இல் எழுதியதைக் கொஞ்சம் நகர்த்திச் சொல்ல வேண்டும். நடுவில் இருக்கும் மேசையைக் கம்பனி போட்டது என்பது மட்டும் உண்மையல்ல. அரசு அந்த மேசையைத் தன் வசதிக்காக அங்கேயே விட்டுவைத்திருக்கிறது.

நவம்பர் 9

தோட்ட வீடமைப்பில் ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்டுவந்த ஏழு பேர்ச் காணி என்பது எவ்வளவு என்று கேட்டவருக்கு: ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, ஏழு பேர்ச் சுமார் 1,906 சதுர அடி. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மூன்று தலைமுறை இருந்த குடும்பத்துக்கு அது பெரிய இடம்தான். காய்கறி போட்டு, மாடு கட்டி, பிள்ளைக்கு ஒரு அறை போட்டுப் பிழைக்க அது போதாது என்பதும் உண்மைதான்.

நவம்பர் 15

"காணி என்பது தொண்டு நிறுவனங்கள் கண்டுபிடித்த கோரிக்கை" என்ற வாசகம் இந்த இழையில் இரண்டு முறை வந்துவிட்டது. 1977 மே மாதத்தில் நுவரெலியா மாவட்டத்தில் ஏறத்தாழ 7,000 ஏக்கர் தோட்டக் காணியை வெளியாருக்குப் பிரித்துக் கொடுக்க முயன்றபோது தொழிலாளர் எதிர்த்து நின்றனர். டெவன் தோட்டத்தில் பொலிஸார் சுட்டதில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் இறந்தார். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அப்போது மலையகத்தில் தொண்டு நிறுவனம் என்று ஒன்று இருந்ததா என்று கேட்டால், தேவாலயங்களையும் ஒன்றிரண்டு சமூக மன்றங்களையும் தவிரச் சொல்ல எதுவும் இல்லை. அவர் செத்தது நிலத்துக்காக.

அதே போலச் சம்பளப் போராட்டத்துக்கும் இரத்தம் சிந்தப்பட்டிருக்கிறது. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்ட வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு முன்பே 1931இல் ஹட்டனை மையமாக வைத்துத் தொழிற்சங்கம் கட்டிய கோ. நடேசய்யரும், மேடையில் பாடிக் கூட்டம் சேர்த்த மீனாட்சி அம்மையும் சம்பளம், அரிசி, கங்காணிக் கடன், வாக்குரிமை எல்லாவற்றையும் சேர்த்தே பேசினார்கள். சம்பளம் தனி, காணி தனி என்று பிரித்தது பிற்காலத்து வேலை.

இதை எழுதும்போது இன்னொரு எண்ணம் வருகிறது. மலையில் கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். தோட்டக் கமிட்டித் தலைவர்கள் பெரும்பாலும் ஆண்கள். துரையோடு பேசப் போகும் பட்டியலில் முதலிடத்தில் இருப்பது கிலோவும் முற்பணமும். மலையில் மலசலகூடம் இல்லாததால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் நிற்கும் பெண்ணின் பிரச்சினை அந்தப் பட்டியலில் வருவதில்லை. பிள்ளை மடுவத்தில் (குழந்தைக் காப்பகத்தில்) பால் கொடுக்கப் போய்வரும் அரைமணி நேரத்துக்கு, வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை முகம் சுளிப்பதும் வருவதில்லை. மாதவிடாய்க் காலத்தில் இடுப்பைச் சுற்றிக் கட்டிய படங்கு நனைந்து தொடையில் உராய்ந்து புண்ணாவதை எந்தத் தலைவரிடம் சொல்வது என்று அக்கா ஒரு முறை கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

2015 செப்டெம்பரில் கேரளத்தின் மூணாறுத் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்ப் பெண் தொழிலாளர் செய்ததை இங்கே நினைவுபடுத்தலாம். போனஸை 20 வீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்ததும், சங்கத் தலைவர்களை மேடைக்கு வராதீர்கள் என்று ஒதுக்கிவிட்டு அவர்களே சாலையில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்ற பெயர் அப்போது பிறந்தது. போனஸ் பேச்சில் 20 வீதத்துக்குச் சமமான தொகையைப் பெற்றார்கள், பின்னர் நாட்கூலி 232இலிருந்து 301 ஆயிற்று. அந்த அமைப்பு பிறகு பிளவுபட்டது என்று உடனே ஒருவர் எழுதுவார் என்பது தெரியும். நம் சங்கங்கள் பிளவுபடாமலா இருக்கின்றன?

டிசெம்பர் 7

மின்சாரமும் இணையமும் இப்போதுதான் ஒழுங்காக வந்திருக்கின்றன.

டிட்வா புயல் என்ன செய்தது என்பதைச் செய்திகளில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள், பதுளை, கண்டி, நுவரெலியா, மாத்தளை என்று மலைநாடு முழுவதும் மண் சரிந்திருக்கிறது. நான் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எழுதுகிறேன், அது இந்த விவாதத்தைச் சேர்ந்தது என்பதால்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஒரு சரிவுக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுத்தால் அங்கே இருப்பவர்கள் வெளியேற வேண்டும். கிராமத்தில் வெளியேறுகிறவருக்கு, திரும்பி வரவோ மாற்றுக் காணி கேட்கவோ கையில் ஒரு உறுதிப் பத்திரம் இருக்கிறது. லயத்தில் இருப்பவர் வெளியேறினால், எங்கிருந்து வெளியேறினார் என்று காட்டவே அவரிடம் தாள் இல்லை. முகாமாக இருந்த பாடசாலையில் சேதப் படிவம் நிரப்ப உதவிக்கொண்டிருந்தபோது, "வீட்டு உரிமையாளர்" என்ற கட்டத்துக்கு வந்ததும் ஒவ்வொரு குடும்பமும் நின்றது. ஒரு அம்மா தன் கணவரின் பெயரைச் சொன்னார், பக்கத்தில் இருந்தவர் "அது கம்பனி பேர்ல தானே" என்றார், எழுதிக்கொண்டிருந்த உத்தியோகத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யாருக்கோ தொலைபேசி எடுத்தார். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, பக்கவாட்டில் "குடியிருப்பவர்" என்று கையால் எழுதினோம். எல்லா இடத்திலும் அப்படி எழுதவிட்டார்களா தெரியவில்லை. எங்களிடம் இருந்தவர் மனச்சாட்சி உள்ளவர்.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணோடு போனபோதும், அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தோமே என்று அதிகாரிகள் சொன்னார்கள். எச்சரித்தது உண்மை. எழுந்து போ என்று சொன்னவர்கள், எங்கே போவது என்று சொல்லவில்லை. வேலை செய்யும் இடமும் வீடும் ஒரே முதலாளியின் கையில் இருக்கும்போது, வேறு மலைக்குக் குடிபோவது என்பது தொழிலாளி தனியாக எடுக்கக்கூடிய முடிவல்ல.

கேள்வி கேட்டவருக்கு: 1,750 ரூபாய் இந்தக் கட்டத்தை நிரப்பாது. கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாக இருக்கிறது.

டிசெம்பர் 9

"அப்படியானால் சம்பளத்தை விட்டுவிடலாமா" என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. விடக்கூடாது. முகாமில் பார்த்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: மேலேயுள்ள சந்தியில் வாடகைக்கு ஒரு அறை எடுக்கக்கூடிய அளவுக்குக் கையில் காசு இருந்த இரண்டு குடும்பங்கள், மகன் கொழும்பில் கடையில் வேலை செய்கிற குடும்பங்கள், மழை தொடங்கிய அன்றே இறங்கிவிட்டன. கையில் காசு இருந்தால் உறுதிப் பத்திரம் இல்லாமலும் உயிர் தப்பலாம். அதை நான் மறுக்கப் போவதில்லை.

டிசெம்பர் 21

வெளியக உற்பத்தி முறையைப் பற்றி யாரும் பேசவில்லை என்று மஸ்கெலியாவிலிருந்து எழுதும் தம்பி குறைப்பட்டிருக்கிறார். சரியாகச் சொன்னார், கம்பனிகள் அடுத்து போகப்போகும் திசை அதுதான்.

ஒரு குடும்பத்துக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு தேயிலைச் செடிகளைப் பிரித்துக் கொடுக்கிறார்கள். பராமரிப்பதும் பறிப்பதும் அவர்கள் வேலை. உரத்துக்கும் மருந்துக்கும் கழித்துக்கொண்டு கிலோவுக்கு இவ்வளவு என்று கம்பனி வாங்கிக்கொள்கிறது. கேட்கும்போது சிறுதோட்ட உடைமையாளராக உயர்த்துவது போல இருக்கும். காலி, மாத்தறைப் பக்கம் சிறுதோட்டக்காரர்கள் இப்படித்தானே நன்றாக இருக்கிறார்கள் என்றும் சொல்வார்கள். அவர்களுக்குக் காணி சொந்தம். யாருடைய தொழிற்சாலைக்குக் கொழுந்து கொடுப்பது என்று அவர்களே தீர்மானிக்கலாம். தோட்டத்துக் குடும்பத்துக்குச் செடியும் சொந்தமில்லை, நிலமும் சொந்தமில்லை, கொழுந்தை வேறு இடத்தில் கொடுக்கவும் முடியாது. நட்டத்தில் மட்டும் பங்கு உண்டு.

குளவிக்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காடு மண்டிய மலைகளில் தேயிலைச் செடிக்குள்ளும் பக்கத்து மரத்திலும் குளவிக்கூடு இருப்பது சாதாரணம். கொட்டுப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போவதும், சில நேரம் இறப்பதும் மாதாமாதம் கேள்விப்படுவது. செக்ரோலில் பேர் உள்ள தொழிலாளி வேலை நேரத்தில் காயப்பட்டால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்ட ஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் முதலாளியிடம் கோரலாம். செடி பிரித்து வாங்கியவரை அதே குளவி கொட்டினால் யாரை முதலாளி என்பது? கிலோ கணக்கில் கைகாசுக்குப் பறிக்க ஞாயிற்றுக்கிழமை போனவருக்கும் இதே கதிதான். சேமலாப நிதி இல்லை, பிரசவச் சகாயம் இல்லை, சேவைக்காலப் பணம் இல்லை. நாட்சம்பளம் எவ்வளவு என்று வர்த்தமானியில் எவ்வளவு பெரிய எண்ணைப் போட்டாலும் இவர்களைத் தொடாது, ஏனென்றால் இவர்களுக்கு நாட்சம்பளமே கிடையாது.

இந்த இடத்தில்தான் கேள்வி கேட்டவரும் நானும் ஒரே பக்கத்தில் வந்து நிற்கிறோம் என்று நினைக்கிறேன். காணியோடு கொடுத்தால் சிறுதோட்ட முறை நல்லது. காணி இல்லாமல் கொடுத்தால் அது சம்பளச் சபையிலிருந்து தப்பும் வழி.

2026 ஜனவரி 11

இழை ஓய்ந்துவிட்டது என்று நினைத்தேன். அம்மாவுக்கு அடுத்த மாதம் ஓய்வு, தோட்டத்தில் என்ன கேட்க வேண்டும் என்று ஒரு தங்கை எழுதியிருக்கிறார். இதற்கு விவாதம் தேவையில்லை, நேரடியாகச் சொல்கிறேன்.

சேவைக்காலப் பணம்: 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி ஐந்து வருடமோ அதற்கு மேலோ வேலை செய்த நாட்கூலித் தொழிலாளிக்கு ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம், கடைசியாகப் பெற்ற வீதத்தில். 1,350 வீதம் கணக்கிட்டால் வருடத்துக்கு 18,900. முப்பது வருடம் என்றால் 5,67,000. அம்மா விலகும் திகதியில் புதிய வீதம் நடைமுறையில் இருந்தால் அந்த வீதத்தில் கேளுங்கள். 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். தவணை முறையில் தருகிறோம், சீட்டில் கையெழுத்துப் போடுங்கள் என்றால் போடாதீர்கள். எங்களிடம் வந்த பலர் முதல் தவணையோடு நின்றவர்கள்.

ஊழியர் சேமலாப நிதி: பெண்களுக்கு 50 வயதில் எடுக்கலாம். முதலில் பெயரைப் பாருங்கள். செக்ரோலில் "ராமாயி", அடையாள அட்டையில் "இராமாய்", பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் முன்னால் என்று மூன்று விதமாக இருந்தால் சத்தியக் கடதாசி தேவைப்படும். அதை இப்போதே முடித்து வைத்துக்கொள்ளுங்கள், விண்ணப்பம் திரும்பி வந்த பிறகு ஓட வேண்டாம். பழைய சம்பளச் சிட்டைகளை எறியாதீர்கள். முதலாளியின் 12 வீதமும் அம்மாவின் 8 வீதமும் ஒவ்வொரு மாதமும் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று தொழில் அலுவலகத்தில் கணக்குக் கூற்றுக் கேட்கலாம். விடுபட்ட மாதங்கள் இருந்தால் அங்கேயே முறைப்பாடு கொடுங்கள். தமிழில் எழுதிக் கொடுக்கலாம், ஏற்றுக்கொள்வது அவர்களின் கடமை.

பதில் அனுப்புவதற்கான முகவரியாகத் தோட்டத்தைப் போடாமல், சந்தியில் நம்பிக்கையான கடையொன்றின் முகவரியை அவர்களிடம் கேட்டுப் போடுங்கள். கடைக்காரருக்கு முன்கூட்டியே அம்மாவின் முழுப்பெயரை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.